இல்லேங்கியா, தெரியலேங்கியா?

தாமிரபரணிக்கரை:

ஆச்சி கேட்ட ஒரு கேள்வி ஆறு வருடமாக மண்டைக்குள் ஓடுகிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக் குடும்பம். ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், அசனம் என்கிற சபை விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கியது எல்லாம் உண்டு. தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். 22 வயதில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அம்மாவிடம் வேலை என்றேன், போதகர் ஐயரிடம் நைட் ஷிஃப்ட் என்றேன். ஆச்சியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆச்சி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரி நான்தான் துணைக்கு இருந்தேன். புறங்கையில் ஊசி, அதன் மேல் பிளாஸ்திரி. அந்தக் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்து, "ஒரு ஜெபம் பண்ணுல" என்றாள். "எனக்கு அதுல ஒண்ணும் தெளிவில்ல ஆச்சி" என்று முனகினேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "இல்லேங்கியா, தெரியலேங்கியா?"

பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்து என் கை முடியில் ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டதுண்டா? என்ன சொன்னீர்கள்?

கொங்கு வெயில்:

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியலை என்பது மதில் மேல் பூனை. விலாங்கு மாதிரி பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அப்பா கருப்புச் சட்டை. வீட்டில் சாமி படம் கிடையாது. ராகுகாலம் பார்த்து மாலை மாற்றிக்கொண்டவர். ஆகவே விட்டு வருவதற்கு எனக்கு மதம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் ஒன்று நடந்தது. மகளுக்கு மொட்டை போட்டே ஆக வேண்டும் என்று மனைவி வீட்டில் பிடிவாதம். நான் குலதெய்வக் கோயில் வாசலோடு, புளியமரத்தடியில் வீறாப்பாக நின்றுவிட்டேன். பொங்கல் வைத்து முடித்ததும் பூசாரி, எழுபது வயதிருக்கும், தானே வெளியே வந்து ஒரு தேங்காய்ச் சில்லை நீட்டினார். "கும்புட வேண்டாமுங்க. தேங்கா திங்கலாமில்லீங்க?"

வாங்கித் தின்றேன். மாமன் தோளில் இருந்து மகள், தலையெல்லாம் சந்தனம், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு நான் தோற்றேனா இல்லையா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திரைக்குப் பின்னால்:

கொங்கு வெயில், பூனை ஏன் மதில் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்தீர்களா? கீழே இரண்டு பக்கமும் நாய். 2017ல் உங்கள் கோவையிலேயே, கடவுள் இல்லை என்று எழுதியவரை வெட்டிக் கொன்றார்களே, மறந்துவிட்டதா? எங்கள் வீட்டில் "தெரியலை" என்றால் அத்தா என்னை ஆலிம்சாவிடம் கூட்டிப் போவார், அவ்வளவுதான். "இல்லை" என்றால் தங்கை கல்யாணம் நின்றுவிடும்.

என் கதை சின்னது. நோன்பு மாதத்தில் டீக்கடைக்குத் திரை கட்டியிருப்பார்களே, அதற்குள் நுழைந்தேன். பக்கத்து ஊர், யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். உள்ளே பெரியத்தா. எங்கள் பள்ளிவாசல் கணக்கு வழக்கே அவர் கையில்தான் இருக்கிறது. எதிரே டீ, கையில் பாதி வடை. "சுகர்டா" என்றார். நியாயம்தான், நோயாளிக்கு விலக்கு உண்டு. "உனக்கு என்ன?" "தெரியல பெரியத்தா."

அவர் இன்னொரு டீ சொன்னார், காசும் கொடுத்தார். கிளம்பும்போது திரையை லேசாக விலக்கி, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "நீ முதல்ல போ" என்றார். அவருக்கு நிஜமாகவே சுகர் இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

நூலகத்து மூலை:

என் கதை நாலு வரிதான். அப்பா தெவசத்துக்கு வருடா வருடம் விரலில் பவித்ரம் மாட்டிக்கொண்டு உட்காருகிறேன், நம்பிக்கை இல்லாமலேயே. போன தடவை மொட்டை மாடியில் சாதம் வைத்துவிட்டு அம்மாவும் நானும் காக்காய்க்காக முக்கால் மணி நேரம் நின்றோம். வந்ததும் "வந்துடுத்து" என்று கத்தியது அம்மா இல்லை, நான். அது கிடக்கட்டும்.

இங்கே இரண்டு கேள்விகளை ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறீர்கள். நம்புகிறாயா என்பது ஒன்று, தெரியுமா என்பது வேறு. டார்வினுக்காக மல்லுக்கு நின்ற ஹக்ஸ்லி 1869ல் அக்னாஸ்டிக் என்ற சொல்லை உண்டாக்கியபோது பேசியது இரண்டாவதைப் பற்றி: ஆதாரம் எட்டாத இடத்தில் தெரியும் என்று சொல்லாதே. இது உண்டு என்பவருக்கும் பொருந்தும், இல்லை என்பவருக்கும் பொருந்தும். நம்பவும் இல்லை, நிரூபிக்கவும் முடியாது என்று ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். தத்துவஞானி ரஸ்ஸல் 1947ல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். தத்துவக்காரர்களிடம் பேசினால் தன்னை அக்னாஸ்டிக் என்பார், தெருவில் போகிற மனிதரிடம் நாத்திகன் என்பார். கிரேக்கக் கவி ஹோமரின் தெய்வங்கள் இல்லை என்று யாரால் நிரூபிக்க முடியும் என்று அவரே கேட்கிறார்.

நாத்திகன் என்ற சொல்லே நம்மிடம் வேறு வேலை பார்த்திருக்கிறது. மனுவுக்கு நாத்திகன் என்றால் வேதத்தைப் பழிப்பவன். படைத்த கடவுள் தேவையில்லை என்ற பழைய சாங்கியர் வேதத்தை ஏற்றதால் ஆத்திகக் கணக்கில் வந்துவிடுவார், சமணர் வரமாட்டார். கொங்கு வெயில் சொன்ன விலாங்கும் பழசுதான். புத்தர் காலத்தில் சஞ்சயர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். மறுமை உண்டா என்றால் உண்டு என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த மாதிரிப் பேச்சுக்குப் பாலி மொழிப் பௌத்த நூல்கள் வைத்த பெயருக்கு, விலாங்கு நெளிவது போல என்று உரைகாரர்கள் ஒரு பொருள் சொல்கிறார்கள். பிற்பாடு புத்தரின் முதன்மைச் சீடரான சாரிபுத்தர் முதலில் அந்தச் சஞ்சயருடைய மாணவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கொங்கு வெயில், உங்கள் அப்பாவின் சுயமரியாதைத் திருமணம் எந்தச் சட்டத்தில் செல்லும் தெரியுமா? 1967ல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு. அதில் இருக்கும் வாசகம் "இரண்டு இந்துக்கள்". ஆக, காகிதத்தில் உங்கள் அப்பா நல்ல இந்து. 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் என்று சுமார் 28.7 லட்சம் பேர் வருகிறார்கள். அதில் யார் இல்லை என்றவர், யார் தெரியலை என்றவர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திரைக்குப் பின்னால், தங்கை கல்யாணம் முடியட்டும். உங்கள் கல்யாணம் மதம் கலக்காமல் வேண்டுமென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால் 30 நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி போகும். நோட்டீஸ் கொடுப்பதற்குள் வீட்டில் சொல்லிவிடுங்கள். பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் ரொம்பக் கஷ்டம். வேலை நிரந்தரமாகும் வரைக்கும்...

அகல்:

ஐயா, ஆச்சி கேட்டது ஹக்ஸ்லியிடம் இல்லை.

நான் ஒரு வருடம் "எனக்கு நம்பிக்கை இல்லத்தை" என்றேன். திமிர் என்றார் மாமியார். அடுத்த வருடம் "தெரியலத்தை" என்றேன். பாவம், குழம்பியிருக்கா, சரியாயிடும் என்றார். எனக்கு இரண்டுக்கும் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு வருடமும் கார்த்திகை அன்றைக்குத் தீப்பெட்டியை என் கையில்தான் கொடுத்தார். 27 விளக்கு, மாடியில் நல்ல காற்று. குச்சி அணைய அணைய அவர் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார்.

தாமிரபரணிக்கரை:

நூலகத்து மூலை, நன்றி. கல்யாண யோசனை திரைக்குப் பின்னாலுக்குத்தான், எனக்கு ஏற்கனவே ஆகிவிட்டது.

என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தலைமாட்டில் அவள் பைபிள் இருந்தது. கண்ணாடியை அம்மா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டதால் அவளால் படிக்க முடியாது. 121ஆம் சங்கீதம் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். எட்டே வசனம்தான். அதிலும் ஒன்றைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. "ஆறாவது எங்கல?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. திரும்பப் போய் ஆறாவதை வாசித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை.

கொங்கு வெயில்:

அப்பாவுக்குப் போன் போட்டு 7-ஏ விஷயத்தைச் சொன்னேன். கால் மணி நேரம் திட்டினார். உங்களை இல்லை, என்னை.