காப்பகத்தில் சேர்த்த சிறுவன் 12ஆம் நாளே தெருவுக்குத் திரும்பிவிட்டான்: எங்கே தவறினோம்?

ஞாயிறு வகுப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேம்பாலத்தின் அடியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துக் கற்றுக்கொடுக்கும் சிறு குழுவில் நானும் ஒருத்தி. எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்களில் 11 வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனை, ஒன்றரை மாதம் பேசிப் பழகிய பிறகு, உரிய அலுவலர்கள் வழியாக ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளி எல்லாம் அங்கே இருந்தன. 12ஆம் நாள் அவன் சுவரேறிக் குதித்து நேரே பாலத்தடிக்கு வந்துவிட்டான். யாராவது அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றான். சாப்பாடு பிடிக்கவில்லையா என்றேன்; நன்றாகவே இருந்ததாம். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுகிறான்.

தெருவில் ஊறிய பிள்ளைகளைத் திருத்த முடியாது என்று எங்கள் குழுவிலேயே சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் என்னிடம் பதில் இல்லை. பசியும் அடியும் பயமும் நிறைந்த ஓர் இடத்துக்கு ஒரு குழந்தை ஏன் தானாகவே திரும்பி வருகிறது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய களப்பணியாளன்

அம்மா, "அங்கே என்ன குறை?" என்று நீங்கள் அவனிடம் கேட்டிருக்கிறீர்கள். "இங்கே எதை விட்டுவிட்டுப் போனாய்?" என்று கேட்டிருந்தால் ஒருவேளை வாய் திறந்திருப்பான். தெருவில் ஒரு குழந்தை தனியாகப் பிழைப்பது மிக அரிது. நான்கைந்து பேர் சேர்ந்த ஒரு கூட்டம் இருக்கும். அதில் மூத்தவன் ஒருவன், காவலுக்கு விழித்திருப்பவன் ஒருவன், கைக்குழந்தையைப் போல் எல்லாரும் பார்த்துக்கொள்ளும் சின்னவன் ஒருவன் என்று ஆளுக்கோர் இடம் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவர்கள் சம்பாதித்து ஊட்டுவார்கள். அதே மூத்தவன் சின்னவர்களின் வருமானத்தில் பங்கு பிடுங்குவதும், எதிர்த்தால் அடிப்பதும், அதைவிடக் கொடியவற்றைச் செய்வதும் உண்டு. பாதுகாப்பவனும் சுரண்டுபவனும் ஒரே ஆளாக இருப்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் விளங்காத இடம்.

அவர்கள் பகலில் நடைபாதையில் தூங்குவதைப் பார்த்துச் சோம்பேறிகள் என்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் தூங்கினால் பணம் போகும், உடம்புக்கு ஆபத்து, விரட்ட வருகிறவர்களிடமிருந்து தப்பியோட முடியாது; ஆகவே ஆள் நடமாட்டம் மிகுந்த பகல்வேளைதான் அவர்களுக்குப் பத்திரமான இரவு. குப்பை பொறுக்கியோ, மூட்டை தூக்கியோ, சிக்னலில் பொருள் விற்றோ கிடைத்த காசை அன்றே செலவழித்துவிடுவதற்கும் காரணம் ஊதாரித்தனம் அன்று. பூட்டி வைக்கப் பெட்டியில்லாத ஒருவனுக்கு, விடியும்வரை பணத்தைக் கையில் வைத்திருப்பதைவிட வயிற்றில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இப்படி ஒவ்வொரு நாளும் நூறு முடிவுகளைத் தானே எடுத்துப் பழகிய பிள்ளையைக் காப்பகத்தில் விட்டவுடன், எழுவது, குளிப்பது, பேசுவது எல்லாமே மணியடித்து நடக்கின்றன. இரண்டு ஆண்டுகள் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டவனை அங்கே ஒன்றும் தெரியாதவனாக நடத்துகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைக்கிறோம். அடிக்காமலே ஒருவனைச் சிறுமைப்படுத்த முடியும். முதல் முறை சேர்க்கும்போதே நிலைத்துவிட்ட பிள்ளைகள் என் அனுபவத்தில் குறைவு. போவதும் வருவதுமாகப் பலமுறை நடந்த பிறகே பலர் தங்குகிறார்கள். உங்கள் பையனின் 12 நாளைத் தோல்விக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சட்டம் படித்தவன்

மேலே சொல்லப்பட்டதற்குச் சட்ட அடிப்படையும் இருக்கிறது. 1989இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, இந்தப் பிள்ளைகளுக்கென்றே 2017இல் தன் 21ஆவது பொதுக் கருத்துரையை, அதாவது உடன்படிக்கையை நாடுகள் எப்படிக் கடைப்பிடிக்க வேண்டும் என்று விளக்கும் ஆவணத்தை, வெளியிட்டது. "தெருக் குழந்தை" என்ற முத்திரையைத் தவிர்த்து, "தெருச் சூழலில் உள்ள குழந்தைகள்" என்னும் சொல்லை அது கையாள்கிறது. குறை குழந்தையிடம் இல்லை, சூழலில் இருக்கிறது என்பது அதன் உட்கருத்து. கூட்டமாகப் பிடித்துச் செல்வதை அது ஏற்கவில்லை. வெறும் மீட்பு நோக்கில் குழந்தையை ஒரு பொருளைப் போல் இடம்மாற்றுவதையும் குறை கூறுகிறது. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவின்படி, தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமை பாலத்தடியில் படுத்திருப்பவனுக்கும் உண்டு.

இந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவும் மாறியிருக்கிறது. 1990இல் குவாத்தமாலா நகரத் தெருக்களில் வாழ்ந்த ஐந்து இளைஞர்கள் காவலர்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள். 1999இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, உயிர்வாழும் உரிமை என்பது கொல்லப்படாமல் இருப்பது மட்டுமன்று, கண்ணியமாக வாழ்வதற்கான நிலைமைகளைப் பெறுவதும் அதனுள் அடங்கும் என்றது. 1993 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவில் கண்டெலாரியா தேவாலயத்தின் அருகே உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தி எட்டுப் பேரைக் கொன்ற வழக்கிலும் காவலர்களே தண்டிக்கப்பட்டார்கள். சீருடையைக் கண்டதும் ஓடும் பிள்ளையிடம் "நீ தப்புச் செய்யாவிட்டால் ஏன் ஓடுகிறாய்?" என்று கேட்பதில் பொருளில்லை.

இன்னொன்று. உலகில் இத்தகைய குழந்தைகள் 10 கோடிப் பேர் என்று பல பத்தாண்டுகளாக எழுதுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் முறையான கணக்கெடுப்பு எதுவும் கிடையாது. வீடு வீடாகச் சென்று எண்ணும்போது வீடே இல்லாதவன் விடுபடுவதும், பிறப்புப் பதிவே இல்லாதவனுக்குப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கதவு அடைபடுவதும் இதன் தொடர்ச்சிதான்.

ஏழாம் நடைமேடை

நான் 9 வயதிலிருந்து 14 வயதுவரை ரயில் நிலையத்தில் வளர்ந்தவன். வீட்டில் இருந்த அடியைவிட வெளியில் கிடைத்த அடி குறைவாக இருந்தது என்பதே நான் ஓடிவந்த கதை. மூன்று இல்லங்களிலிருந்து தப்பித்திருக்கிறேன். முதல் இல்லத்தில் என் பெயரைக் கேட்டுவிட்டு, அதே பெயரில் இன்னொருவன் இருக்கிறான் என்று வேறு பெயர் வைத்தார்கள். அன்றிரவே கிளம்பிவிட்டேன். இரண்டாவது இடத்தில் தூக்கமே வரவில்லை. சத்தமில்லாத அறையில் படுத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும். நான்காவது இடத்தில் ஒருவர் என்னைப் பூட்டி வைக்கவில்லை. போகவேண்டுமானால் போ, சாயங்காலம் வருவாயா என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போ என்றார். வருவேன் என்று சொல்லிவிட்டதால் வரவேண்டியதாயிற்று.

மருந்தும் மனமும்

பிறர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தெருவின் சுதந்திரத்தைப் பற்றி நாம் எழுதும்போது சற்று அழகூட்டிவிடுகிறோமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. நான் பார்ப்பது சீழ் வைத்த காயம், சொறிசிரங்கு, ஓயாத இருமல், யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் வன்முறையின் தடயங்கள். பசை முகர்வதைப் பலர் கெட்ட பழக்கம் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார்கள். அதிலுள்ள டொலுயீன் என்னும் வேதிப்பொருள் பசியையும் குளிரையும் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்கிறது. அவர்கள் அதை நாடுவது அதற்காகத்தான். நெடுநாள் முகர்ந்தால் மூளையின் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) சிதைந்து நடையும் நினைவும் தடுமாறும். முகர்ந்த நிலையில் இருப்பவனைத் திடீரென்று மிரட்டித் துரத்தினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கேயே இறந்துபோகக்கூடும் என்பதை, பிடித்துச் செல்ல வருபவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. தெருவில் ஆண்பிள்ளைகளே அதிகம் தென்படுவதால் பெண்பிள்ளைகள் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். பலர் வீட்டு வேலைக்கோ பாலியல் தொழிலுக்கோ விரைவிலேயே கொண்டுசெல்லப்பட்டு, நம் கண்ணில் படாத இடங்களுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சியவர்களில் சிலர் முடியை ஒட்ட வெட்டி, ஆண்பிள்ளை உடையில் திரிகிறார்கள். ஆகவே நிதானம் வேண்டும் என்பது சரி. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு காலம் கையில் இருப்பதில்லை.

ஞாயிறு வகுப்பு

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை நான் பாலத்தடிக்குப் போய், அறிவுரை எதுவும் சொல்லாமல், இங்கே யாரை விட்டுவிட்டுப் போயிருந்தாய் என்று மட்டும் கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தவன், சற்றுத் தள்ளித் துணியைப் போர்த்திக்கொண்டு உறங்கிய ஒரு பொடியனைக் காட்டினான். ஆறு, ஏழு வயதிருக்கும். உடன்பிறந்தவன் இல்லையாம், மழைநாள் ஒன்றில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவனாம். இவன் இல்லாத நாட்களில் அவனைப் பெரியவர்கள் யாரோ பிச்சையெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வகுப்புக்கு அந்தப் பொடியன் ஒருநாளும் வந்ததில்லை என்பதால், அப்படி ஒருவன் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இருவரையும் ஒரே இடத்தில் சேர்க்க வழி உண்டா?

பழைய களப்பணியாளன்

வயதுவாரியாகப் பிரித்து வைக்கும் காப்பகங்கள் மறுப்பார்கள். ஆகவே சேர்ப்பதற்கு முன்பே, இருவரும் ஒன்றாகத்தான் வருவார்கள் என்பதை அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கும் முன்பாக, பகலில் வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கிவிட்டுப் போகும்படியான திறந்த மையம் பக்கத்தில் இருந்தால் இரண்டு பேரையும் அங்கே பழக்குங்கள். பொடியன் பெயரைப் பெரியவனிடம் கேட்காமல் அவனிடமே கேளுங்கள். அவனை அனுப்பிச் சம்பாதித்தவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பதால், எந்த நாளில் அழைத்துச் செல்லப்போகிறீர்கள் என்பதைப் பாலத்தடியில் வேறு எவரிடமும் சொல்ல வேண்டாம்.