மியாஜிமா ஒரு நாள்: குடும்ப வாட்ஸ்அப் குழு

சித்ரா அத்தை: கார்த்தி, ஜப்பான்ல ஹிரோஷிமா பக்கம் மியாஜிமா தீவுல கடலுக்குள்ள நிக்குற சிவப்பு வாசல் இருக்கே, அதுக்கு எந்தத் தேதி போடட்டும்?

கார்த்தி: அத்தை, அதைக் கடல்தான் முடிவு பண்ணும். கடல் மட்டம் 250 செ.மீ. தாண்டினா அந்த வாசலோட இட்சுகுஷிமா கோயில் மிதக்குற மாதிரி இருக்கும். 100க்குக் கீழ இறங்கினா தோரி, அதான் அந்தச் சிவப்பு வாசல், அடி வரைக்கும் நடந்தே போயிடலாம். ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல சுமார் ஆறு மணி நேரம்.

பிரியா: எல்லா நாளும் ரெண்டும் கிடைக்காது. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டித்தான் நல்லா ஏறி நல்லா இறங்கும். அஷ்டமி பக்கம் போனா ரெண்டுங்கெட்டான். மிதக்கவும் மிதக்காது, நடக்கவும் முடியாது.

சுந்தரம் மாமா: அப்போ நம்ம தினசரி காலண்டரே போதும் 😀

பிரியா: தேதிக்குப் போதும் மாமா. நேரத்துக்கு மியாஜிமா கடல் ஏத்த இறக்க அட்டவணை பாக்கணும், தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். நடுராத்திரி இறக்கம் வந்து என்ன புண்ணியம்?

கார்த்தி: ஹிரோஷிமா ஸ்டேஷன்ல ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) சான்யோ லைன் ரயில், தீவுக்குப் படகு ஏறுற மியாஜிமாகுச்சிக்கு அரை மணி. டிராம்ல ஏறிடாதீங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்கும். படகுத்துறையில ரெண்டு கம்பெனி. ஜே.ஆர். ரயில் பாஸ் ஜே.ஆர். படகுக்கு மட்டும்தான் செல்லும். பகல்ல தீவுக்குப் போறப்போ அது தோரி பக்கமா வளைஞ்சு போகும், வலது பக்கம் நில்லுங்க. தீவு வரி தலைக்கு 100 யென் தனி.

சுந்தரம் மாமா: அவ்ளோ பெரிய தூணைக் கடல்ல எப்படி நட்டாங்க?

பிரியா: நடவே இல்ல மாமா! சுமார் 16 மீட்டர் உயரம், 60 டன், தன் பாரத்துலயே நிக்குது. அடியில சேத்துல மரக் கழிங்களை நெருக்கமா அடிச்சு கெட்டிப்படுத்தியிருக்காங்க. மேல குறுக்குச் சட்டம் பெட்டி மாதிரி, உள்ள கல்லு கொட்டி பாரம் ஏத்தியிருக்கு. பெரிய தூண் ரெண்டும் கற்பூர மரம். இப்ப இருக்குறது 1875ல எழுப்பினது. கோயில் தாழ்வாரத்தையும் குனிஞ்சு பாருங்க, பலகைங்களுக்கு நடுவுல இடுக்கு விட்டிருக்கும். அலை பொங்கினா தண்ணி அது வழியா மேல வந்துடும், பலகை பேராது.

சித்ரா அத்தை: முட்டி வலியோட தீவுல இருக்குற மிசென் மலை முடியுமா?

கார்த்தி: ரோப்வே உச்சிக்குப் போகாது அத்தை. நடுவுல வண்டி மாறி கடைசி ஸ்டேஷன் ஷிஷிஇவாவுல இறங்கி, அப்புறம் ஒரு கி.மீ. மேடு பள்ளம், படி. நீங்க ஷிஷிஇவா மேடையோட நின்னுக்கங்க, கடலும் தீவுங்களும் அங்கருந்தே தெரியும். மாமா மட்டும் மேல இருக்குற ரெய்காதோ மண்டபம் வரை போகட்டும். கூகாய்ங்கிற புத்த துறவி ஏத்தினதா சொல்ற அணையா நெருப்பு அங்கதான். ஹிரோஷிமா அமைதிப் பூங்கா சுடருக்கும் இதுலருந்து எடுத்திருக்காங்க.

சித்ரா அத்தை: சைவச் சாப்பாடு?

பிரியா: சுத்த சைவம்னா திண்டாட்டம். ஒகொனோமியாகிங்கிற அடைல பன்றிக்கறி, முட்டை. உதோன் நூடுல்ஸ் குழம்புல மீன் சாறு. மொமிஜி மஞ்சு இனிப்பு மாவுலயும் முட்டை. புளியோதரை கட்டிக்கங்க, ஆனா தீவுல மான் சுத்தும், அது இருக்குற இடத்துல பொட்டலத்தைப் பிரிக்காதீங்க. காகிதத்தையும் விடாது, டிக்கெட்டையே மென்னுடும். தீனி போடவும் கூடாது.

சித்ரா அத்தை: பௌர்ணமிக்கு மறுநாள் போட்டுடவா?

கார்த்தி: போடுங்க. ரோப்வே பராமரிப்புக்கு நிறுத்தற நாள் அவங்க தளத்துல இருக்கும், அதை மட்டும் பாத்துக்கங்க. காத்து பலமா அடிச்சாலும் ஓட்ட மாட்டாங்க.