கரும்புச் சக்கைக் கரியால் குடிநீரிலுள்ள அட்ரசின், பி.எஃப்.ஏ.எஸ். நீங்குமா?

கேள்வி (சென்-ஆந்த்ரே, பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவு)

வணக்கம். எங்கள் ஊரைச் சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள்தாம். அட்ரசின் என்னும் களைக்கொல்லி 2003-இலேயே பிரான்சில் தடைசெய்யப்பட்ட பிறகும், அதுவும் அதன் சிதைவுப் பொருளும் இத்தீவின் நிலத்தடி நீரில் தென்படுகின்றன, இப்போது பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளூரின் கலந்த செயற்கை வேதிப்பொருள்கள் பற்றிய கவலையும் சேர்ந்துள்ளது. ஆலையில் குவியும் கரும்புச் சக்கையைக் கரியாக்கி வீட்டிலேயே நீரை வடிகட்டலாமா? காய்ச்சினால் போதுமா? வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் கேட்கிறேன்.

மறுமொழி (சென்-பியர்)

அம்மா, காய்ச்சுவது கிருமிகளுக்கு மட்டுமே தீர்வு. பி.எஃப்.ஏ.எஸ். கொதிநீரில் சிதையாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அடுப்புக் கரியும் பயன்படாது. சக்கையைக் காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, பின் ஏறத்தாழ 800 முதல் 900 பாகை செல்சியசில் நீராவி செலுத்தி நுண்துளைகளைத் திறந்தால்தான் அது கிளர்வுற்ற கரியாகும். அத்தகைய கரி அட்ரசினையும், நீண்ட கார்பன் சங்கிலியுள்ள பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. போன்ற பி.எஃப்.ஏ.எஸ். வகைகளையும் நன்கு பற்றும். குறுஞ்சங்கிலிச் சேர்மங்களோ விரைவில் நழுவிவிடும். கரி நிறைந்துவிட்டதை நீரின் சுவையோ நிறமோ காட்டாது என்பதே வீட்டு வடிகட்டியின் பெரிய ஆபத்து.

மறுமொழி (சென்-லூயி)

மேலே சொன்னது சரியே. ஆயினும் பற்றிய நஞ்சு எங்கே போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். நிறைந்த கரியைக் குப்பைமேட்டில் கொட்டினால் மழையோடு அது மீண்டும் மண்ணுக்குள் இறங்கும். நுண்சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. முறையிலும் அப்படித்தான்: கழிவாக வெளியேறும் நீரில் மாசு முழுவதும் செறிந்திருக்கும். பி.எஃப்.ஏ.எஸ்.-இல் கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலுள்ள பிணைப்பு மிக வலிமையானது என்பதால் குளோரினோ ஓசோனோ அதனை முறிப்பதில்லை. போரான் கலந்த வைர மின்முனைகளைக் கொண்டு மின்வேதி முறையில் மாசை ஆக்சிசனேற்றிச் சிதைக்கலாம். அல்லது நீரை 374 பாகை செல்சியசுக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேல் கொண்டுசென்று அதில் மாசை எரிக்கலாம். இரண்டும் ஆற்றலை விழுங்குபவை. ஆகவே முதலில் கரியிலோ அயனிப் பரிமாற்ற ரெசினிலோ (மின்னேற்றத்தால் மாசைப் பிடிக்கும் பிசின் மணிகள்) மாசைச் செறிவாக்கி, அந்தச் சிறு அளவை மட்டும் அழிப்பதே தாங்கத்தக்க வழி என்பது என் உறுதியான கருத்து. சக்கையும் வீணாகக் கிடக்கும் பொருளன்று. இத்தீவின் புவா-ரூழ், லெ கோல் மின்நிலையங்களில் அதை எரித்தே மின்சாரம் எடுக்கிறார்கள்.

மறுமொழி (சென்-தெனி)

வடிகட்டி வாங்குமுன், நீர்க் கட்டணச் சீட்டோடு ஆண்டுக்கொரு முறை வரும் தர அறிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராம் என்பது வரம்பு; 20 பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களின் கூட்டுத்தொகைக்கு 0.1 மைக்ரோகிராம் என்னும் ஐரோப்பிய வரம்பு 2026 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பகுதியின் அளவு மிகுந்திருந்தால், நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கரி வடிகட்டி அமைக்கும்படியும், பயன்படுத்திய கரியை என்ன செய்வார்கள் என்பதையும் நகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள்.