ஆப்ட் பூட்டு, காணாமல் போன பேக்கேஜ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கருந்திரை:
உபுண்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். மெஷினை இப்போதுதான் எழுப்பியிருப்போம். பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளைப் போடவும் எடுக்கவும் உதவும் கருவி ஆப்ட். அவசரமாக ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தால், "பூட்டு கிடைக்கவில்லை, இன்ன புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பிடித்து வைத்திருக்கிறது" என்று நின்றுவிடும். இணையத்தில் தேடினால் பாதிப் பேர் சொல்லும் வைத்தியம், வார்-லிப்-டிபிகேஜி ஃபோல்டரில் இருக்கும் பூட்டுக் கோப்புகளை அழித்துவிடு என்பது.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி அந்தக் கட்டளையைக் காப்பி செய்தே வைத்திருந்தார். "ஒரு நிமிஷம், அந்தப் பிழைச் செய்தியின் கடைசியில் என்ன பெயர் இருக்கிறது, படியுங்கள்" என்றேன். அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே போட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கோப்பு அங்கே கிடப்பதுதான் பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. யாரும் ஆப்ட் ஓட்டாதபோதும் அந்தக் கோப்பு அங்கேயேதான் கிடக்கும். அதன் மேல் ஒரு புராசஸுக்குக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, கொடுத்திருக்கும் பிடிதான் பூட்டு. கோப்பை அழித்தாலும் பழைய புராசஸ் பழைய ஐநோடை (பெயர் போனாலும் டிஸ்க்கில் நிற்கும் கோப்பின் பதிவு) பிடித்தபடியே வேலையைத் தொடரும். அடுத்து வரும் ஆப்ட் அதே பெயரில் புதுக் கோப்பை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டும் ஒரே பேக்கேஜ் டேட்டாபேஸில் எழுதும். என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அழிப்பது தீர்வல்ல என்று புதிய ஆப்ட் தானே எச்சரிக்கிறது. பூட்டு விடுபடும்வரை காத்திருக்கவும் செய்கிறது. யார் படிக்கிறார்கள்!

காத்திருந்தோம், முடிந்தது. நிஜமாகவே பாதியில் செத்துப்போன புராசஸ் என்றால் ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி கட்டளைக்கு இரட்டைக் கோடு போட்டு கான்ஃபிகர், அப்புறம் மைனஸ் ஏ. விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும்.

வேர்ப்பயனர்:
எனக்கு வேறு கதை. பலர் நுழையும் சர்வர் ஒன்றில் ஒரு பிஹெச்பி மாட்யூலைக் காணோம். கேட்டால் யாரும் தொடவில்லையாம். வார்-லாக்-ஆப்ட் ஃபோல்டரில் ஹிஸ்டரி லாக் என்று ஒரு கோப்பு உண்டு. என்றைக்கு, எந்தக் கட்டளை, சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வழி) மூலம் யார் கொடுத்தது, எதெல்லாம் போனது, எல்லாம் அதில் இருக்கும். கட்டளை: ஆட்டோரிமூவ், துணைக்கு வந்து இனித் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்குவது. ஆள் யாரென்பதை இங்கே விட்டுவிடுவோம், பாவம்.

அந்த மாட்யூல் வேறொரு பேக்கேஜுக்குத் துணையாக வந்தது. அந்தப் பேக்கேஜை எடுத்ததும் இதுவும் தேவையற்றது என்று ஆப்ட் கணக்குப் போட்டுவிட்டது. பெயர் சொல்லி மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இனி 'மேனுவல்' என்று குறித்துக்கொள்ளும், ஆட்டோரிமூவ் தொடாது. இருக்கும் பேக்கேஜையே அப்படிக் குறிக்க ஆப்ட்-மார்க் மேனுவல் போதும்.

சிவப்புத்தொப்பி:
ஃபெடோரா லினக்ஸில் ஆப்டுக்குப் பதில் டிஎன்எஃப். அங்கே டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ என்று பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்தால், அந்த முறை போட்டது, எடுத்தது எல்லாவற்றையும் திருப்பிவிடும். ஆப்ட் ஆட்கள் பொறாமைப்படலாம். ஆனால் அப்டேட்டைத் திருப்பப் போனால் பழைய பதிப்பு ரெப்போவில் (பேக்கேஜ்கள் இறங்கும் களஞ்சியம்) இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

புதுமுனையம்:
வேர்ப்பயனர், என் ஹிஸ்டரி லாகில் இந்த மாதம் மட்டும்தான் தெரிகிறது?

வேர்ப்பயனர்:
பழைய லாகை மாதா மாதம் சிஸ்டமே சுருட்டி ஜீஜிப் (சுருக்கிய கோப்பு) ஆக்கிவிடும், ஓராண்டுக்கு இருக்கும். பழையதில் தேட ஸெட்கிரெப் போடுங்கள்.