மகமை எடுத்து வச்சா காசு கொட்டுமா?

பாதயாத்திரை மணி:
பக்திக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்லன்னு நேத்து ஒருத்தர் போட்டிருந்தாரு. செட்டிநாட்டு நகரத்தாரை, அதான் செட்டியார்ங்களைப் பாருங்கய்யா. பர்மா, மலாயான்னு எங்க வட்டிக்கடை போட்டாலும் கூடவே தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில், சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859லயே வந்தாச்சு. மகமைன்னு வருமானத்துல ஒரு பங்கை சாமிக்குத் தனியா எடுத்து வச்சாங்க. சாமி திருப்பிக் குடுத்துச்சு.

ரங்கூன் பேரன்:
மணி அண்ணே, அப்ப 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப முருகன் லீவுல போயிட்டாரா? எங்க தாத்தா அங்க ஒரு கடையில அடுத்தாளா (கடையைப் பார்த்துக்கற ஏஜெண்டுக்கு உதவியாளா) இருந்தவரு, போட்டிருந்த சட்டையோட மணிப்பூர் வழியா நடந்தே ஊர் வந்து சேர்ந்தாரு. இன்னொன்னு, கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல 1930ல செட்டியார்ங்க கையில இருந்த நிலம் சுமார் 6 சதம், 1938ல அது 25 சதம். நெல்லு விலை படுத்துச்சு, விவசாயியால கடனைக் கட்ட முடியல, நிலம் கைமாறிடுச்சு. அதுவும் சாமி குடுத்ததா? நிலத்தை விட்ட பர்மாக்காரனும் தினம் புத்தருக்கு பூ வச்சவன்தானே!

கணக்குப்புள்ள:
சாமி குடுத்துச்சு, குடுக்கலன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க, கோயில் என்ன வேலை பார்த்துச்சுன்னு யாருமே பேசல. நகரத்தாருக்குள்ள பிரிவுக்கு ஒண்ணா நகரக் கோயில் ஒம்பது, ஒருத்தன் எந்தக் கோயில்னு சொன்னா அவன் பூர்வீகமே தெரிஞ்சுடும், ஏமாத்திட்டு ஓடினா பொண்ணு குடுக்க ஆள் இருக்காது. ரங்கூன்ல மொகல் தெரு கோயில்ல கூடித்தான் மாசாமாசம் நடப்பு வட்டி (அவங்களுக்குள்ள குடுத்து வாங்கற பணத்துக்கான வட்டி) எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க. அன்னிக்கு அவங்களுக்கு ரிசர்வ் பேங்கே முருகன் சன்னிதிதான் (சிரிக்காதீங்க).

பாதயாத்திரை மணி:
சரி, ஆனா அந்த பயம் எதுலேர்ந்து வந்துச்சு? சாமியை எடுத்துட்டா அது வெறும் சங்கம், சங்கத்துப் பொருளாளர் காசோட ஓடுனதை நாம பார்த்ததில்லையா என்ன. அப்புறம் பர்மாவுல எல்லாம் போச்சுன்னீங்களே, அதுக்காக தைப்பூசத்துக்கு காவடி தூக்கிட்டு பழனிக்கு நடக்கறதை விட்டாங்களா?

ரங்கூன் பேரன்:
அதேதாண்ணே நானும் சொல்றேன். காசு இருந்தப்பவும் நடந்தாங்க, போனப்பறமும் நடந்தாங்க, அப்ப அந்த நடைக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்? தாத்தா கால் வீங்கற வரைக்கும் வருஷா வருஷம் போனாரு. திரும்பி வந்ததும் பஞ்சாமிர்தத்தை எங்களுக்கெல்லாம் பங்கு வைப்பாரு, மளிகைக்கடை பாக்கியை அடுத்த மாசம் தர்றேன்னு சொல்லிட்டு வருவாரு.