உறவுச் சிக்கல் கதைகள்: முடிவைச் சொல்லாமல் விடுவது நேர்மையா, நழுவலா?

தென்றல்:
போன வாரம் இங்கே பகிரப்பட்ட சிறுகதையை வைத்துத் தொடங்குகிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: கல்யாணமாகி ஒன்பது வருடம், ஒரு பையன், இருவருக்கும் வேலை. கணவன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, கத்துவதும் இல்லை. பேசுவதே இல்லை. பக்கத்து அறையில் இருந்துகொண்டே "பால் தீர்ந்துவிட்டது" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறான். மனைவி தன் அம்மாவிடம் சொல்லி அழுதால், "கை நீட்டாத ஆம்பளை கிடைச்சதுக்குச் சந்தோஷப்படு" என்கிறாள். கடைசியில் அலுவலகத்திலிருந்து வந்தவள் மாடிக்குப் போகாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். கதை முடிந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மாதிரிக் கதைகளில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. கதாபாத்திரத்தை மொட்டைமாடியிலோ ஜன்னலோரத்திலோ நிறுத்திவிட்டு எழுத்தாளர் கழன்றுகொள்கிறார். அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லப் பயமா?

சாளரம்:
தென்றல், நான் முழுக்க மாறுபடுகிறேன். "என்ன முடிவு எடுத்தே?" என்று அந்தப் பெண்ணைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாசகரும் அதையே கேட்டால் எப்படி?

முடிவு கேட்டு நெருக்குவது புதிதில்லை. நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் 1879இல் வந்தது. கடைசியில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ஜெர்மனியில் அதை மேடையேற்றும்போது, நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, "நானாக இருந்தால் குழந்தைகளை விட்டுப் போகமாட்டேன்" என்று மறுத்துவிட்டார். வேறு யாராவது கைவைத்துக் கெடுத்துவிடுவார்களோ என்று இப்சனே இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு வந்ததும் நோரா தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்த மாற்றத்தை இப்சன் காட்டுமிராண்டித்தனம் என்றே சொன்னார். ஊரின் நெருக்கடி பாத்திரத்தோடு நிற்பதில்லை, கதையின் கடைசிப் பக்கம் வரைக்கும் வரும். திறந்த முடிவு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

தென்றல்:
சாளரம், நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. இப்சன் நோராவை வாசற்படியில் நிறுத்தவில்லை, வெளியே அனுப்பினார். அனுப்பியதால்தான் அத்தனை எதிர்ப்பு. அவள் கதவருகே நின்று யோசிப்பதாக முடித்திருந்தால் எந்த நடிகையும் மறுத்திருக்க மாட்டார், 1880இல் மாற்று முடிவும் தேவைப்பட்டிருக்காது. யாருக்கும் உறுத்தாத முடிவைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வைகறை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அவள் ஏதாவது ஒன்றைச் செய்திருக்கலாமே என்கிறீர்கள். எதைச் செய்வாள்? அவர்கள் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வருபவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பரஸ்பர சம்மதத்தோடு பிரிய 1976இலிருந்து வழி இருக்கிறது. ஆனால் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அவனும் கையெழுத்துப் போட வேண்டும். பேசவே பேசாதவனிடம் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு வேறு. அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, அதுவும் நீதிமன்றம் ஒத்துக்கொண்டால்தான்.

அவன் சம்மதிக்கவில்லை என்றால் கொடுமை என்று நிரூபிக்க வேண்டும். 2007இல் சமர் கோஷ் வழக்குத் தீர்ப்பில் மனரீதியான கொடுமை எது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. வெறும் பாராமுகமோ அன்பில்லாமையோ மட்டும் கொடுமை ஆகாது. அலட்சியமும் புறக்கணிப்பும் வாழ்க்கையைத் தாங்கவே முடியாத அளவுக்குக் கொண்டுபோனால் ஆகலாம் என்கிறது அது. இந்தக் கதை நடப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில். "பால் தீர்ந்துவிட்டது" என்ற செய்தியை எந்த நீதிபதியிடம் காட்டுவாள்? அடுத்த வாரமே கையில் தீர்ப்போடு வெளியே வரும் கதைகளைப் படித்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

குறிஞ்சி:
எல்லோரும் அவளைப் பற்றியே பேசுகிறீர்கள். அவன் ஏன் பேசுவதில்லை? கதையில் ஒரு வரி இல்லையே. வேலையில் ஏதாவதா, கடனா, கேட்டதற்குத் தலையாட்டி விருப்பமில்லாமல் செய்துகொண்ட கல்யாணமா? ஆணும் இதே ஊரில்தானே வளர்ந்தான்? அவனைச் சுவர்போல எழுதிவிட்டு, சுவர் பேசவில்லை என்று புகார் சொல்கிறார்கள்.

சாளரம்:
குறிஞ்சி, ஒன்பது வருடம் கூட இருந்தவளுக்கே அது தெரியாது. நமக்கு மட்டும் எழுத்தாளர் காதோடு சொல்லிவிட்டால் அவளுடைய தவிப்பு நமக்கு எட்டாமலே போய்விடும்.

தென்றலுக்கு இன்னொன்று. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் விகடனில் வந்தது. மழையில் நிற்கும் கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒருவன் கெடுத்துவிடுகிறான். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவுக்கு எவ்வளவு கண்டனம்! பிறகு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதில் அம்மா அலறிவிடுகிறாள், அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான், வாழ்க்கையே வேறாகிறது. பழைய சிறுகதை அந்த நாவலுக்குள் வேறொரு எழுத்தாளர் எழுதிய கதையாக வருகிறது. ஒரே இரவுக்கு இரண்டு முடிவு, இரண்டும் உண்மை. இது போதாதா, ஒரே முடிவைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதற்கு?

தென்றல்:
போதாது, நண்பரே. அவர் இரண்டு முறையும் முடிவு சொன்னார். இரண்டு தடவையும் கதை திரும்புவது எங்கே என்று பாருங்கள்: அம்மாவிடம். அவள் வாயை மூடினால் ஒரு வாழ்க்கை, அலறினால் இன்னொன்று. சமூகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அது வீட்டுக்குள் வரும்போது இப்படி யாரோ ஒருவருடைய முகத்தோடுதான் வருகிறது.

வைகறை சொன்ன சட்டச் சிக்கல் எனக்குச் சம்மதமே. நான் கேட்பது விவாகரத்து இல்லை. நம் கதையில் "கை நீட்டாத ஆம்பளை" என்று சொன்ன அம்மாவை எழுத்தாளர் ஒரே வரியோடு அனுப்பிவிட்டார். அந்த வரியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் புருஷன் கை நீட்டியவனா? நீட்டியவன் என்றால் அவள் அடையாத நிம்மதியைத்தான் மகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறாள். மகள் அதை ஒருமுறை நேருக்கு நேர் கேட்டிருக்கலாம்: "அப்பா உன்னை அடிச்சாராம்மா?" அதற்குச் சட்டமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கேட்ட பிறகு அவள் அந்த வீட்டிலேயே இருந்தாலும் எனக்கு அது முடிவுதான். எழுத்தாளர் இங்கே இருக்கிறார் என்று தெரியும். அந்தக் காட்சியை எழுதிப் பார்த்தாரா, எழுதிவிட்டு எடுத்துவிட்டாரா என்று அவர் வந்து சொல்லட்டும்.