அம்மாவின் சுங்குடியில் பாப்பாவுக்குக் கவுன்: எங்கே வெட்டுவது?

கேள்வி:
மகளுக்கு ஏழு மாதம். அம்மா வருடக்கணக்கில் உடுத்திய அரக்குச் சுங்குடிப் புடவையில் அவளுக்கு ஒரு கவுன் தைக்க ஆசை. துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி ஆகிவிட்டது. மிதி மிஷினில் இதுவரை தலையணை உறைதான் தைத்திருக்கிறேன். கத்தரிக்கோலை எடுத்தால் கை வரமாட்டேன் என்கிறது.

பதில்:
முதலில் பழைய வேட்டியில் ஒன்று தைத்துப் பாருங்கள். பாப்பாவின் தொளதொள கவுனை மேலே விரித்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டினால் போதும். அப்புறம் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கொசுவப் பக்கம் நைந்திருக்கும், முந்தானைப் பக்கம் கெட்டியாக இருக்கும். கெட்டியான இடத்தில் வெட்டுங்கள்.

இன்னொரு பதில்:
உள்தையல் குழந்தைக்கு உறுத்தும். நல்ல பக்கம் வெளியே தெரிய ஒருமுறை தைத்து, பிசிறை வெட்டி, திருப்பிப் போட்டு மறுபடி தையுங்கள். பிசிறு உள்ளேயே அடங்கிவிடும். பட்டன் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வாள். கழுத்தில் நாடாவும் வேண்டாம். ஜப்லா மாதிரி முதுகுப் பக்கம் திறப்பு வைத்து, நடுமுதுகில் சின்ன நாடா போதும்.

கேட்டவர்:
தைத்துவிட்டேன்! வேட்டியில் இரண்டு, புடவையில் ஒன்று. பார்டரைக் கீழ்விளிம்பில் வைத்தேன். மிச்சத்தில் ஒரு பை. அதில் புள்ளிகள் கோணலாக விழுந்திருக்கின்றன, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. அம்மா தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்து அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி.